வீட்டுப் பதிவுக் கணினியில் ஒலி திக்குகிறதா? எதையும் வாங்குவதற்கு முன் வரிசையாகச் செய்து பார்க்க வேண்டியவை

பாடகர் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடித்திருக்கிறார். குரல் சிறிதும் அசையாமல் நிற்கிறது. அதன் நடுவே ஊசி முனையால் கண்ணாடியைத் தட்டியதுபோல ஒரு ‘டிக்’ ஒலி பதிவாகிவிடுகிறது. அந்த ஸ்வரம் மறுமுறை அதே உயிரோடு வராது என்பது பதிவு செய்பவருக்கும் தெரியும், பாடுபவருக்கும் தெரியும். என் கணினியில் இந்தத் தொல்லை ஏறத்தாழ ஆறு வாரங்கள் நீடித்தது. கண்ணில் பட்ட யோசனைகளையெல்லாம் ஒரே மாலையில் செய்து பார்த்தேன், ரேமை இரட்டிப்பாக்கினேன், இயங்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவினேன். கடைசியில் காரணங்கள் இரண்டு என்று தெரிந்தது. ஒன்று வைஃபை டிரைவர் (வைஃபை கருவியை இயக்கும் சிறு மென்பொருள்), மற்றொன்று மேசைக்கு அடியில் கிடந்த யுஎஸ்பி ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி). இரண்டையும் கண்டறிய எந்தச் செலவும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது சரியான வரிசை மட்டும்தான். அந்த வரிசையைப் புதிதாக வீட்டில் இசைப்பதிவு தொடங்குபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு கருத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒலி திக்குவதற்குக் கணினி மெதுவாக இருப்பதுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் கணினியின் வேகத்தில் குறை இருக்காது, கெடு தவறுவதுதான் சிக்கல். சாம்பிள் ரேட் (ஒரு விநாடியில் ஒலியை அளக்கும் எண்ணிக்கை) 48,000 ஆகவும் பஃபர் (ஒரு முறைக்குக் கையாளும் சாம்பிள்களின் எண்ணிக்கை) 128 ஆகவும் இருந்தால், கணினி ஒவ்வொரு 2.67 மில்லி விநாடிக்குள்ளும் அடுத்த துண்டு ஒலியைத் தயாரித்து ஆடியோ இன்டர்ஃபேஸிடம் (மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஒப்படைத்தாக வேண்டும். ஒரு விநாடியில் 375 முறை இந்தக் கெடு வருகிறது. அவற்றில் 374 முறை சரியாகக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு முறை தவறினாலும் காதில் ‘டிக்’ என்று கேட்டுவிடும். ஆகவே கெடு எங்கே, எதனால் தவறுகிறது என்பதைத்தான் தேட வேண்டும்.

1. கேட்பது எந்த வகைக் கோளாறு என்று முதலில் பிரித்தறியுங்கள்

இந்தப் படிக்கு 15 நிமிடம் போதும், ஆனால் இதைத் தாண்டிச் செல்பவர்கள்தான் வாரக்கணக்கில் அலைகிறார்கள். இசைப்பதிவு மென்பொருளில் சிக்கல் உள்ள ப்ராஜெக்டைத் திறந்து, அதை ஒரு வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். ஏற்றுமதி செய்யும்போது ‘ரியல்டைம்’ (பாடலை இயக்கிக்கொண்டே ஏற்றுமதி செய்வது) என்ற தெரிவு அணைந்திருக்க வேண்டும். பிறகு அந்தக் கோப்பை வேறொரு கருவியில், கைப்பேசியில்கூட, கேட்டுப் பாருங்கள்.

ஏற்றுமதி செய்த கோப்பு சுத்தமாக இருந்து, மென்பொருளில் இயக்கும்போது மட்டும் திக்கினால், அதுதான் இந்தக் கட்டுரை பேசும் கெடு தவறும் கோளாறு. ஏற்றுமதிக் கோப்பிலும் அதே இடத்தில் ‘டிக்’ கேட்டால், கணினியைக் குறை சொல்வதில் பொருள் இல்லை. ஒலித்துண்டுகளை வெட்டி ஒட்டிய இடத்தில் கிராஸ்ஃபேட் (இரு துண்டுகளும் மெல்லக் கலக்கும் இணைப்பு) இல்லாமல் இருக்கலாம், ஒரு பிளக்-இன் (மென்பொருளுக்குள் சேர்க்கும் இசைக்கருவி அல்லது ஒலி மாற்றி) தவறாக இயங்கலாம், அல்லது பதிவு செய்த நாளிலேயே அந்த ஒலி உள்ளே நுழைந்திருக்கலாம். அந்த இடத்தை அலைவடிவத்தில் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். சீராக ஏறி இறங்கும் கோடு திடீரென்று செங்குத்தாகத் தாவி, வேறொரு உயரத்திலிருந்து தொடர்ந்தால், அங்கே சில சாம்பிள்கள் தொலைந்துபோயின என்று பொருள். மேல் விளிம்பில் கோடு தட்டையாக வெட்டப்பட்டிருந்தால் அது கிளிப்பிங், அதாவது ஒலி அளவு மீறியது. அடுத்த பதிவில் உள்ளீட்டு அளவைக் குறைத்தால் அது வராது.

தொடர்ந்து ‘ம்ம்ம்’ என்று இரைவது மின் இணைப்பின் தரைச் சிக்கல். பாடியவரின் குரல் ஹெட்போனில் சற்றுத் தாமதமாகக் கேட்பது லேடன்சி. இவை இரண்டும் திக்கல் அல்ல, இவற்றுக்கான தீர்வுகளும் வேறு. குறிப்பாக, புளூடூத் ஹெட்போனில் கண்காணித்தால் எந்த அமைப்பை மாற்றினாலும் தாமதம் போகாது. சோதனை முடியும்வரை கம்பி இணைப்புள்ள ஹெட்போனையே பயன்படுத்துங்கள்.

2. ஒரு குறிப்பேடும் சில ஆவணங்களும்

ஒரே நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும், செய்ததை உடனே எழுத வேண்டும். நான் முதல் மூன்று வாரங்களை வீணாக்கியது இந்த ஒழுங்கு இல்லாததால்தான். ஐந்து மாற்றங்களைச் சேர்த்துச் செய்துவிட்டு, திக்கல் குறைந்ததும் எது குறைத்தது என்று தெரியாமல், மறுநாள் அது திரும்பி வந்தபோது எங்கிருந்து தொடங்குவது என்றும் தெரியாமல் நின்றேன்.

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் கணினியின் மாதிரிப் பெயர், பிராசஸர், ரேம் அளவு, இயங்குதளத்தின் பதிப்பு எண், ஆடியோ இன்டர்ஃபேஸின் மாதிரி, அதன் வரிசை எண், டிரைவர் பதிப்பு, ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பதிப்பு, இசைப்பதிவு மென்பொருளின் பதிப்பு ஆகியவற்றை எழுதுங்கள். கணினிக்கும் இன்டர்ஃபேஸுக்கும் உரிய ரசீதுகளைத் தேடியெடுத்து, உத்தரவாதம் முடியும் தேதியையும், புதிதாக வாங்கியதாக இருந்தால் திருப்பித் தருவதற்கான கடைசித் தேதியையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். திருப்பித் தரும் காலம் முடிந்த மறுநாள்தான் இன்டர்ஃபேஸின் பழுது உறுதியாகிறது என்ற நிலை யாருக்கும் வரக் கூடாது. அந்தத் தேதி நெருங்கினால், மற்ற படிகளை ஒதுக்கிவிட்டு, இன்டர்ஃபேஸை வேறொரு கணினியில் இணைத்துச் சோதிப்பதை முதலில் செய்யுங்கள்.

விண்டோஸ் பயன்படுத்துபவர்கள் சோதனை தொடங்குமுன் கணினி அமைப்பைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ஒரு சிஸ்டம் ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்கி வைப்பது நல்லது.

3. நம்பத்தகுந்த ஒரு சோதனையை அமையுங்கள்

பாடலைக் கேட்டுக்கொண்டே ‘இப்போது பரவாயில்லையா’ என்று முடிவு செய்வது நம்மை ஏமாற்றிவிடும், ஏனென்றால் டிரம்ஸ் அடியின் மேல் விழுந்த திக்கல் காதுக்குத் தெரியாது. ஒரு நிலையான தொனியில் அது ஒளிந்துகொள்ள முடியாது. ஆகவே நான் செய்த சோதனை இது.

புதிய, வெறுமையான ப்ராஜெக்ட் ஒன்றில் தொனி உருவாக்கும் பிளக்-இன்னைக் கொண்டு 440 ஹெர்ட்ஸ் சைன் தொனியை இயக்குங்கள். இன்டர்ஃபேஸின் முதல் வெளியீட்டிலிருந்து முதல் லைன் உள்ளீட்டுக்கு ஒரு கேபிளை நேராக இணைத்து, அந்த உள்ளீட்டை இன்னொரு டிராக்கில் 30 நிமிடம் பதிவு செய்யுங்கள். இணைப்பதற்கு முன் 48 வோல்ட் ஃபாண்டம் பவரை (மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் வசதி) அணைத்துவிடுங்கள், ஸ்பீக்கரின் ஒலியைக் குறைத்துவிடுங்கள், பதிவு செய்யும் டிராக்கின் மானிட்டரிங்கை (உள்ளே வரும் ஒலியை அப்படியே வெளியே ஒலிக்கச் செய்வது) அணைத்துவிடுங்கள். மானிட்டரிங் இயங்கினால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும், காதுக்கும் ஸ்பீக்கருக்கும் கேடு விளையும்.

பதிவான கோப்பு 24 பிட், 48,000 சாம்பிள் ரேட், ஒற்றை சேனல் என்றால் ஏறத்தாழ 260 மெகாபைட் வரும். அதை ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து, ஸ்பெக்ட்ரோகிராம் (ஒலியின் அதிர்வெண்களை நேரவாரியாகக் காட்டும் படம்) காட்சிக்கு மாற்றுங்கள். சைன் தொனி ஒரு கிடைக்கோடாகத் தெரியும். ஒவ்வொரு திக்கலும் மேலிருந்து கீழ்வரை ஒரு செங்குத்துக் கோடாக எழுந்து நிற்கும். முப்பது நிமிடமும் உட்கார்ந்து கேட்க வேண்டியதில்லை, கண்ணாலேயே எண்ணிவிடலாம்.

கோடுகளின் எண்ணிக்கையோடு அவற்றுக்கு இடையிலான நேர இடைவெளியையும் எழுதுங்கள். என் கோப்பில் அவை 0:52, 1:52, 2:52 என்று நிமிடத்துக்கு ஒன்றாக, வேலி நட்டதுபோல் நின்றன. அந்தப் பக்கத்தைப் பார்த்த கணமே இது பிராசஸரின் சுமையால் வருவதல்ல, கணினிக்குள் ஏதோ ஒன்று கடிகாரம் வைத்துக்கொண்டு குறித்த நேரத்தில் வேலை செய்கிறது என்று விளங்கிவிட்டது. ஒழுங்கான இடைவெளி என்றால் பின்னணியில் இயங்கும் டிரைவரையோ சேவையையோ, அல்லது க்ளாக் (சாம்பிள்களின் நேரத்தை அளக்கும் கடிகாரம்) பொருந்தாமையையோ சந்தேகியுங்கள். பாடலின் கனமான பகுதிகளில் மட்டும் வந்தால் சுமையைச் சந்தேகியுங்கள். 15, 20 நிமிடம் கழித்தே தொடங்கி, பிறகு நிற்காமல் வந்தால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். கேபிளைத் தொட்டால் வந்தால் விளக்கமே தேவையில்லை.

இனி ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே சோதனை, இதே 30 நிமிடம். ஒரு மாலைக்கு நான்கு மாற்றங்களுக்கு மேல் செய்ய முடியாது என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால் பதற்றம் குறையும்.

4. டிரைவர், பஃபர், சாம்பிள் ரேட், க்ளாக்

விண்டோஸில் இசைப்பதிவு மென்பொருளின் ஆடியோ அமைப்பைத் திறந்து, எந்த டிரைவர் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். இன்டர்ஃபேஸ் தயாரித்த நிறுவனமே வழங்கும் ஏசியோ (விண்டோஸில் ஒலியைக் குறைந்த தாமதத்தில் அனுப்பும் முறை) டிரைவர் இருக்குமானால் அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏசியோஃபோர்ஆல் என்பது சொந்த ஏசியோ டிரைவர் இல்லாத ஒலிக்கருவிகளுக்காக, விண்டோஸின் பொதுவான டிரைவருக்கு மேல் போர்த்திய ஒரு போர்வை. சொந்த டிரைவர் உள்ள இன்டர்ஃபேஸுக்கு அது தேவையில்லை, பல நேரங்களில் அதுவே சிக்கலாகிவிடும்.

பஃபரைப் பொறுத்தவரை, பதிவு செய்யும்போது 128 அல்லது 256, மிக்ஸ் செய்யும்போது (பதிவான டிராக்குகளைக் கலந்து சீராக்கும்போது) 512 அல்லது 1024 என்று வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். 48,000 சாம்பிள் ரேட்டில் 256 என்பது 5.3 மில்லி விநாடி, 1024 என்பது 21.3 மில்லி விநாடி. மிக்ஸ் செய்யும்போது யாரும் நேரலையாகப் பாடுவதில்லை என்பதால் அந்த 21 மில்லி விநாடியால் எந்த இழப்பும் இல்லை. பாடும்போதுகூட, இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டரிங் வசதி இருந்தால், குரல் கணினிக்குள் போய்த் திரும்பாமல் நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். அப்போது பஃபரை 512 ஆகவே வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பதிவு செய்யலாம். குரலில் எதிரொலி கலந்து கேட்க வேண்டும் என்று பாடகர் விரும்பினால் மட்டுமே சிறிய பஃபர் தேவைப்படும்.

பஃபரை 1024 ஆக உயர்த்தியும் திக்கல் சிறிதும் குறையவில்லை என்றால், அது மதிப்பு மிக்க தகவல், அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள். கெடுவை எட்டு மடங்கு நீட்டியும் தவறுகிறதென்றால் கோளாறு சுமையில் இல்லை. கேபிள், க்ளாக், அல்லது கணினியை நீண்ட நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு டிரைவர், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

சாம்பிள் ரேட் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். ப்ராஜெக்ட் 44,100 ஆகவும், இன்டர்ஃபேஸின் கட்டுப்பாட்டுப் பலகை 48,000 ஆகவும், விண்டோஸ் ஒலி அமைப்பு வேறொன்றாகவும் இருந்தால் குழப்பம் நிச்சயம். 96,000 சாம்பிள் ரேட்டில் வேலை செய்பவர்கள், அதே 256 பஃபர் அங்கே 2.67 மில்லி விநாடியாகச் சுருங்கிவிடுகிறது என்பதையும் சுமை இரட்டிப்பாகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தெளிவான தேவை இல்லாதவர்கள் 48,000 ரேட்டில் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

க்ளாக் சோர்ஸ் என்ற அமைப்பைப் பலரும் பார்ப்பதே இல்லை. வெளிக்கருவி எதுவும் டிஜிட்டல் வழியாக இணைக்கப்படவில்லை என்றால் அது ‘இன்டர்னல்’ என்றே இருக்க வேண்டும். ஏடாட் அல்லது எஸ்பிடிஐஎஃப் என்ற டிஜிட்டல் இணைப்புகளின் வழியாக இரண்டு கருவிகளை இணைத்திருந்தால், ஒன்று தலைமைக் க்ளாக்காகவும் மற்றொன்று அதைப் பின்பற்றுவதாகவும் அமைய வேண்டும். இரண்டும் தத்தம் க்ளாக்கில் ஓடினால், கணினி எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் ஒழுங்கான இடைவெளியில் ‘டிக்’ கேட்டுக்கொண்டே இருக்கும்.

5. கேபிளும் போர்ட்டும் ஹப்பும்

இன்டர்ஃபேஸைக் கணினியின் யுஎஸ்பி போர்ட்டில் நேராகச் செருகுங்கள். இடையில் ஹப், நீட்டிப்புக் கேபிள், மானிட்டரின் பக்கவாட்டுப் போர்ட் எதுவும் வேண்டாம். பிறகு வேறொரு கேபிளால் சோதியுங்கள், அடுத்து வேறொரு போர்ட்டில் சோதியுங்கள். யுஎஸ்பி 2.0 கேபிளின் நீளம் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஆனால் என் அனுபவத்தில் 2 மீட்டருக்குள் இருப்பதே நல்லது.

ஹப் ஏன் தொல்லை தருகிறது என்று கேட்கலாம். இரண்டு சேனல் ஒலி 24 பிட், 48,000 ரேட்டில் விநாடிக்கு 2.3 மெகாபிட் மட்டுமே. யுஎஸ்பி 2.0 தாங்குவதோ 480 மெகாபிட். இடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் கணினி ஒலித்தரவை ஒழுங்கான நேரத்தவணையில் அனுப்புகிறது, வழியில் தொலைந்த துண்டை மறுபடி அனுப்புவதில்லை. கோப்பு நகலெடுக்கும்போது சிறு பிழை நேர்ந்தால் அந்தப் பகுதி மீண்டும் அனுப்பப்பட்டுவிடும், நமக்குத் தெரியவும் தெரியாது. ஒலியில் அந்த இரண்டாம் வாய்ப்பு இல்லை. அதே ஹப்பில் வெளிவட்டும் (கணினிக்கு வெளியே இணைக்கும் சேமிப்பு வட்டு) வெப்கேமராவும் இருந்தால் நெரிசல் கூடுகிறது. தனி மின் இணைப்பு இல்லாத ஹப் என்றால், யுஎஸ்பி 2.0 போர்ட் தரும் 500 மில்லி ஆம்பியரை எல்லாக் கருவிகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. கேபிளிலிருந்தே மின்சாரம் பெறும் இன்டர்ஃபேஸ், ஃபாண்டம் பவரை இயக்கிய உடனே திக்கத் தொடங்கினால் காரணம் இதுவாக இருக்கக்கூடும்.

என் மேசைக்கு அடியில் இருந்த ஹப் இரண்டு ஆண்டுகளாகப் பிரச்சினை தராமல் இருந்தது. அதனாலேயே அதைக் கடைசிவரை சந்தேகிக்கவில்லை. அதில் ஒரு வெளிவட்டைப் புதிதாகச் செருகிய நாளும் ஒழுங்கற்ற திக்கல்கள் தொடங்கிய நாளும் ஒன்றுதான் என்பது ரசீதின் தேதியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

6. மின்சார அமைப்பும் வெப்பமும்

லேப்டாப்பைச் சார்ஜரில் இணைத்தே வேலை செய்யுங்கள். விண்டோஸில் பவர் மோடை ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ நிலைக்கு மாற்றுங்கள். மேம்பட்ட பவர் அமைப்பில் ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதை அணையுங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யுஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்திலும், மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற தெரிவின் குறியை எடுத்துவிடுங்கள். மொத்தம் 10 நிமிட வேலை.

வெப்பத்தைச் சோதிக்க, டாஸ்க் மேனேஜரில் பிராசஸரின் வேகத்தைக் கவனியுங்கள். கனமான ப்ராஜெக்ட் ஓடும்போது தொடக்கத்தில் இருந்த வேகம் சிறிது நேரத்தில் பாதியாக இறங்கி அங்கேயே நின்றால், கணினி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கிறது. காற்றுத் துவாரங்களின் தூசியை அகற்றுவதும், லேப்டாப்பை மெத்தை, துணி ஆகியவற்றின் மேல் வைக்காமல் கடினமான பரப்பில் பின்பக்கம் சற்று உயர்த்தி வைப்பதும் உடனே பலன் தரும். பழைய லேப்டாப் என்றால் தெர்மல் பேஸ்ட் மாற்ற வேண்டியிருக்கலாம். அதை உத்தரவாதம் முடிந்த பிறகே, தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள்.

7. மறைந்திருக்கும் டிரைவரைப் பிடிப்பது

என் சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்தது இங்கேதான். விண்டோஸில் வீட்டுப் பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் லேடன்சிமான் என்ற மென்பொருளை நிறுவி, மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு, குறைந்தது 20 நிமிடம் ஓட விடுங்கள். ஒவ்வொரு டிரைவரும் பிராசஸரை ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்தது என்பதை அது காட்டும். டிரைவர்கள் என்ற பக்கத்துக்குப் போய், அதிகபட்ச நேரத்தைக் காட்டும் பத்தியை வரிசைப்படுத்துங்கள்.

எண்ணை வாசிக்கும் முறை எளிது. 128 பஃபர், 48,000 ரேட் என்றால் கெடு 2.67 மில்லி விநாடி, அதாவது 2,667 மைக்ரோ விநாடி. ஏதேனும் ஒரு டிரைவர் 3,000 மைக்ரோ விநாடி பிடித்து வைத்துக்கொண்டால், பிராசஸரில் எட்டு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) இருந்தாலும் பதினாறு கோர் இருந்தாலும், ஒலி காத்திருக்கும் கோர் அதுவாக அமைந்துவிட்டால் கெடு தவறத்தான் செய்யும். நல்ல நிலையில் உள்ள கணினியில் இந்த எண்கள் சில நூறு மைக்ரோ விநாடிக்குள் அடங்கிவிடும்.

பட்டியலின் மேலே நெட்வொர்க் தொடர்பான பெயர் வந்தால் வைஃபையைச் சந்தேகியுங்கள். திரையின் மூலையில் இணைப்பைத் துண்டிப்பது போதாது, டிவைஸ் மேனேஜருக்குள் சென்று அந்த அடாப்டரையே முடக்கிவிட்டுச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். நான் முடக்கிய அன்று நிமிடத்துக்கு ஒன்றாக நின்ற வேலி முழுவதும் மறைந்தது. ஸ்பெக்ட்ரோகிராமில் ஒரே ஒரு கிடைக்கோடு மட்டும் ஓடியதைப் பார்த்தபோது கிடைத்த நிம்மதியை இன்றும் மறக்கவில்லை. பின்னர் லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து வைஃபை டிரைவரின் வேறொரு பதிப்பை நிறுவியதும், வைஃபை இயங்கும்போதே சோதனை சுத்தமாக வந்தது.

கிராபிக்ஸ் டிரைவர் மேலே வந்தால் அதன் புதிய பதிப்பை நிறுவுங்கள். புதிய பதிப்புக்குப் பிறகுதான் சிக்கல் தொடங்கியது என்றால் முந்தைய பதிப்புக்குத் திரும்புங்கள். லேப்டாப்களில் ஏசிபிஐ என்ற பெயர் மேலே வருவதுண்டு, அது மின்சாரம், பேட்டரி ஆகியவற்றைக் கண்காணிக்கும் பகுதி. அப்போது பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் மென்பொருள்) புதுப்பிப்பு இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். பயாஸ் புதுப்பிக்கும்போது மின்சாரம் நின்றால் கணினியே எழாமல் போகக்கூடும் என்பதால், பேட்டரி நிறைந்து, சார்ஜரும் இணைந்திருக்கும் நேரத்தில் மட்டும் செய்யுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ‘எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கும்’ மென்பொருள்களைத் தொடாதீர்கள், அவை பொருந்தாத டிரைவரை ஏற்றிவிட்டுப் போய்விடும். ரெஜிஸ்ட்ரியைச் ‘சுத்தம்’ செய்யும் மென்பொருள்களும் அப்படித்தான். ஒரு டிரைவரை மாற்றினால் அந்தக் கருவியின் தயாரிப்பாளரிடமிருந்து மட்டும் பெற்று, பழைய நிறுவல் கோப்பைப் பத்திரப்படுத்திவிட்டு மாற்றுங்கள்.

8. ப்ராஜெக்டின் சுமை

வெறுமையான ப்ராஜெக்டில் 30 நிமிடச் சோதனை சுத்தமாக வந்து, உங்கள் பாடல் மட்டும் திக்குகிறது என்றால் இப்போதுதான் பிளக்-இன்களைப் பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜர் பிராசஸர் 30 சதவீதம்தான் வேலை செய்கிறது என்று காட்டுவதை நம்பி ஏமாற வேண்டாம். அது எல்லாக் கோர்களின் சராசரி. ஒரே டிராக்கில் வரிசையாக வைத்த பிளக்-இன்கள் ஒன்றன் வெளியீட்டுக்கு மற்றொன்று காத்திருப்பதால், அந்தச் சங்கிலி முழுவதும் பொதுவாக ஒரே கோரில்தான் ஓடும். மற்ற கோர்கள் சும்மா இருக்கும்போதே அந்த ஒன்று நிரம்பி வழியும். எல்லா டிராக்குகளும் வந்து சேரும் மாஸ்டர் டிராக்கில் ஏழெட்டு கனமான பிளக்-இன்களை அடுக்குபவர்களுக்கு இதுதான் நேர்கிறது. இசைப்பதிவு மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் சுமை மானியைப் பாருங்கள்.

கனமான இசைக்கருவி டிராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள், அதாவது அப்போதைக்கு ஒலிக்கோப்பாக மாற்றி வையுங்கள். பிளக்-இன்களில் ஓவர்சாம்பிளிங்கை (கூடுதல் சாம்பிள் ரேட்டில் கணக்கிடுவது) வேலை செய்யும்போது குறைத்து, ஏற்றுமதியின்போது மட்டும் உயர்த்துங்கள். எதிரொலியை ஒவ்வொரு டிராக்கிலும் தனித்தனியாக வைக்காமல் ஒரே சென்ட் டிராக்கில் வைத்து எல்லாவற்றையும் அதற்கு அனுப்புங்கள். இன்னொன்று பலருக்கும் தெரியாதது: பதிவுக்காகத் தயார் நிலையில் வைத்த டிராக்கை மென்பொருள் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ள முடியாது, அது நேரலையாக, சிறிய பஃபருக்குள்ளேயே ஓடியாக வேண்டும். ஆகவே தேவையில்லாத டிராக்குகளின் பதிவுப் பொத்தானை அணைத்து வையுங்கள். அதைச் செய்தாலே சில ப்ராஜெக்டுகள் சரியாகிவிடும்.

9. வட்டும் ரேமும்

24 டிராக் குரல்பதிவை ஒரே நேரத்தில் இயக்கினாலும் விநாடிக்கு 3.5 மெகாபைட்தான். பழைய சுழலும் வட்டே அதைத் தாங்கும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கங்கே தேடியெடுக்கும் சாம்பிள் நூலகங்கள்தான் (பதிவு செய்த இசைக்கருவி ஒலிகளின் தொகுப்புகள்) அதைத் திணறடிக்கும், அவற்றை எஸ்எஸ்டிக்கு (சுழலாத வேகமான வட்டு) மாற்றுவது நல்ல முதலீடு. ரேம் நிரம்பி வழிகிறது என்பதை டாஸ்க் மேனேஜரில் கண்ணால் பார்த்த பிறகு மட்டும் ரேம் வாங்குங்கள். என் கணினியில் பாதி ரேம் காலியாக இருந்தபோதே நான் இன்னொரு மடங்கு வாங்கினேன், அதனால் ஒரு திக்கல்கூடக் குறையவில்லை.

ப்ராஜெக்ட் கோப்புறை மேகச் சேமிப்போடு ஒத்திசையும் இடத்தில் இருக்கக் கூடாது. பதிவு நடக்கும்போதே அந்தக் கோப்பை மேலேற்ற அது முயலும். வைரஸ் தடுப்பு மென்பொருளில் ப்ராஜெக்ட் கோப்புறைக்கும் சாம்பிள் கோப்புறைக்கும் விலக்கு அளியுங்கள். தடுப்பையே முழுதாக அணைக்க வேண்டியதில்லை.

10. மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு

லேடன்சிமான் மேக்கில் இல்லை, ஏசியோவும் இல்லை. ஒலி, மேக்கின் சொந்த ஒலி அமைப்பான கோர் ஆடியோ வழியாகச் செல்கிறது. 1 முதல் 6 வரையுள்ள படிகளின் சாரம் அப்படியே பொருந்தும். ‘ஆடியோ மிடி செட்டப்’ என்ற செயலியில் சாம்பிள் ரேட்டைச் சரிபாருங்கள், லோ பவர் மோடை அணையுங்கள், ஸ்பாட்லைட் என்ற தேடல் வசதி கோப்புகளை அட்டவணைப்படுத்திக்கொண்டிருக்கிறதா என்று ஆக்டிவிட்டி மானிட்டரில் பாருங்கள். இயங்குதளத்தின் புதிய பெரும்பதிப்புக்கு மாறுவதற்கு முன், இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரும் பிளக்-இன் தயாரிப்பாளர்களும் அதற்கு ஆதரவு அறிவித்திருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே மாறுங்கள்.

11. பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால்

மேற்சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவு இல்லை. அவற்றை முடித்த பிறகும் திக்கல் இருந்தால், விலை குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்: நல்ல யுஎஸ்பி கேபிள், பிறகு தனி மின் இணைப்புள்ள ஹப், மேசைக் கணினி என்றால் தனி யுஎஸ்பி கார்டு, பிறகு எஸ்எஸ்டி. இன்டர்ஃபேஸையோ கணினியையோ மாற்றுவது கடைசி. அதற்கும் முன், நண்பரின் இன்டர்ஃபேஸை ஒரு மாலை இரவல் வாங்கி உங்கள் கணினியிலும், உங்கள் இன்டர்ஃபேஸை அவர் கணினியிலும் சோதித்துவிடுங்கள். பழுது எதோடு சேர்ந்து போகிறதோ அதுதான் குற்றவாளி.

உத்தரவாதத்தில் கொடுப்பதாக இருந்தால், ‘ஒலி சரியில்லை’ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். நான் முதலில் அப்படி எழுதியபோது டிரைவரை மீண்டும் நிறுவச் சொல்லி ஒரு வரிப் பதில் வந்தது. இரண்டாம் முறை ரசீது, வரிசை எண், டிரைவர் மற்றும் ஃபர்ம்வேர் பதிப்பு, சைன் தொனிப் பதிவு, ஸ்பெக்ட்ரோகிராம் படம், லேடன்சிமான் அறிக்கை, செய்து பார்த்த மாற்றங்களின் தேதிவாரிப் பட்டியல் ஆகியவற்றை இணைத்தேன். இரண்டே நாளில் தொழில்நுட்பம் அறிந்த ஒருவரிடமிருந்து பொருளுள்ள பதில் வந்தது.

இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவது ஒரு முழு வார இறுதியை எடுத்துக்கொள்ளும். பிளக்-இன்களையும் நூலகங்களையும் மீண்டும் நிறுவ அதற்கு மேலும் ஆகும். அந்த முடிவுக்கு வந்தால், அழிப்பதற்கு முன் எல்லா மென்பொருள்களின் உரிம எண்களையும் எழுதி வைத்து, கணினியோடு பிணைக்கப்பட்ட உரிமங்களை விடுவித்துக்கொள்ளுங்கள். விடுவிக்காமல் அழித்தால், அனுமதிக்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கையில் ஒன்று வீணாகிவிடும், அதை மீட்க ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டியிருக்கும்.

12. பதிவு நாளுக்கு முந்தைய நாள்

சோதனை சுத்தமாக வந்த நிலையில் கணினியின் முழு நகலை ஒரு வெளிவட்டில் எடுத்து வையுங்கள். விண்டோஸ் புதுப்பிப்புகளைப் பதிவு முடியும்வரை நிறுத்தி வையுங்கள், முடிந்த பிறகு மறக்காமல் மீண்டும் இயக்குங்கள். பதிவுக்கு முந்தைய இரவில் எந்த டிரைவரையும் பிளக்-இன்னையும் புதுப்பிக்காதீர்கள். பதிவு நாளில் பாடகர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கணினியை இயக்கி, அன்று பயன்படுத்தப்போகும் அதே ப்ராஜெக்ட், அதே பஃபர், அதே போர்ட் ஆகியவற்றோடு சைன் தொனியை 30 நிமிடம் பதிவு செய்து பாருங்கள். ஒரு செங்குத்துக் கோடு தெரிந்தாலும், பஃபரை ஒரு படி உயர்த்தி டைரக்ட் மானிட்டரிங்குக்கு மாறிக்கொள்ள அப்போதும் உங்களுக்கு அரை மணி நேரம் மீதமிருக்கும்.